கோதிக் நிலவறை விளையாட்டு: தூரச் சுவர் மினுங்குகிறது, இருட்டு திட்டுத் திட்டாக விழுகிறது, தமிழ் எழுத்து உடைகிறது

ஈசூன்_நிலவறை கேட்டது:

வணக்கம். மூன்று பேர் சேர்ந்து கோடோ 4.3 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு கோதிக் நிலவறை விளையாட்டு செய்கிறோம். 1987-இல் வந்த டஞ்சன் மாஸ்டர், 1991-இல் வந்த ஐ ஆஃப் தி பிஹோல்டர் போலக் கட்டம் கட்டமாக நடந்து, 90 டிகிரியாகத் திரும்பும் வகை. பாழடைந்த மடாலயம், அதற்கடியில் ஐந்து தளம். முதலில் தமிழில்தான் வெளியிடப் போகிறோம், ஆங்கிலம் பிறகு.

இப்போதைய அமைப்பு இது. திரை 320×180, ஸ்ட்ரெச் மோட் வியூபோர்ட், ஸ்கேல் மோட் இன்டிஜர் (சிறிதாக வரைந்து முழு எண் மடங்கில் பெரிதாக்குவது). ஒரு கட்டம் 2 அலகு அகலம், 2 அலகு உயரம். சுவர்ப் படங்கள் 64×64. கேமரா கட்டத்தின் நட்டநடுவில், செங்குத்துப் பார்வைக் கோணம் 60 டிகிரி. தீப்பந்தத்துக்கு, எல்லாப் பக்கமும் ஒளி வீசி நிழலும் விழச்செய்யும் ஓர் ஆம்னி லைட். கடைசியாக முழுத்திரை நிறத்தையும் 16 படிகளாக வெட்டும் ஒரு ஷேடர் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்).

தொல்லைகள்: எதிரே சுவர் வந்தால் திரை முழுக்கக் கல்தான், தரையே தெரிவதில்லை. நடக்கும்போது தூரச் சுவர்கள் எறும்பு ஊர்வதுபோல் மினுங்குகின்றன. இருட்டான பகுதி மெல்ல மங்காமல் கறுப்பிலிருந்து நேராகச் சாம்பலுக்குத் தாவுகிறது. தமிழ் வாசகம் 320×180-இல் படிக்கவே முடியவில்லை, ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும்போது முன்னும் பின்னும் குதிக்கிறது. விசையை வேகமாக அழுத்தினால் சில அடிகள் விழுங்கப்படுகின்றன.

எதை முதலில் சரிசெய்வது?

காலாங்கரை எழுதியது:

கேமராவிலிருந்து தொடங்குங்கள். மற்றக் கணக்கெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும்.

180 பிக்சல் உயரம், 60 டிகிரி என்றால் குவியத் தொலைவு (கேமராவுக்கும் திரைத் தளத்துக்கும் இடையே கணக்கில் கொள்ளும் தூரம்) 90 ÷ 0.577, ஏறக்குறைய 156 பிக்சல். கட்டத்தின் நடுவிலிருந்து எதிர்ச் சுவர் அரைக் கட்டத் தூரம். ஆகவே ஒரு கட்ட உயரச் சுவர் திரையில் 156 ÷ 0.5 = 312 பிக்சல் வரும். திரையே 180-தான், தரை எங்கே தெரியும்? கோணத்தைக் கூட்டினால் ஓரங்கள் இழுபடும், கோதிக் வளைவுகள் எல்லாம் கோணிக்கொள்ளும். பழைய விளையாட்டுகள் செய்ததுபோலக் கேமராவைப் பின்னால் இழுங்கள். 0.4 கட்டம் (உங்கள் அளவில் 0.8 அலகு) பின்னால் வைத்தால் எதிர்ச் சுவர் 0.9 கட்டத் தூரத்துக்குப் போகும். 156 ÷ 0.9 = 173 பிக்சல். மேலும் கீழும் மூன்று நான்கு பிக்சல் தரையும் கூரையும் எட்டிப்பார்க்கும். சுவர் முட்டுகிறது என்ற உணர்வும் கெடாது.

கேமராவை நேரடியாகச் சுழற்ற வேண்டாம். கட்ட நடுவில் ஒரு நோட் வைத்து, அதன் பிள்ளையாகக் கேமராவை 0.8 அலகு பின்னுக்கு வைத்து, தாய் நோட்டைச் சுழற்றுங்கள். சுழலும் ஆரம் 0.4 கட்டம், சுவர் 0.5-இல் இருப்பதால் கேமரா எந்தக் கோணத்திலும் சுவருக்குள் புகாது. 0.5-க்கு மேல் இழுத்தால் திரும்பும்போது பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும்.

இனி மினுக்கம். அடுத்தடுத்த சுவர்கள் 1.9, 2.9, 3.9 கட்டத் தூரத்தில் வரும். திரையில் அவற்றின் உயரம் 82, 54, 40 பிக்சல். படத்தின் உயரம் 64 புள்ளி. அதாவது மூன்றாவது சுவரிலிருந்து ஒரு திரைப் பிக்சலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட படப்புள்ளி நெருக்குகிறது. நியரஸ்ட் வடிகட்டி அதில் ஏதோ ஒன்றைத்தான் எடுக்கும். கேமரா சற்று அசைந்தால் வேறொன்றை எடுக்கும். எறும்பு ஊர்வது அதுதான். மெட்டீரியலின் சாம்பிளிங்கில் நியரஸ்ட் மிப்மேப் (தூரத்துக்கென முன்பே சுருக்கி வைத்த படங்களைப் பயன்படுத்துவது) என்பதைத் தேர்ந்தெடுங்கள், பாதி அடங்கும். மீதியை இருட்டு பார்த்துக்கொள்ளும்: வெளிச்சம் 5 கட்டத்தோடு அற்றுப்போகட்டும். நிலவறையில் ஆறாவது கட்டம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு பொறி உண்டு. ஒரு படத்தை முப்பரிமாணக் காட்சியில் முதன்முறை பயன்படுத்தும்போது கோடோ அதைத் தானாகவே விராம் கம்ப்ரஸ்டு (வரைகலை நினைவகத்துக்காகத் தரம் குறைத்துச் சுருக்கிய) வகைக்கு மாற்றி மறுபடி இறக்குமதி செய்யும். பிக்சல் படத்தில் 4×4 கட்டிகளாக நிறம் கலங்கித் தெரிந்தால் காரணம் இதுவே. இம்போர்ட் பலகையில் கம்ப்ரஸ் மோடை லாஸ்லெஸ் ஆக்கி, டிடெக்ட் 3டி என்பதை அணைத்து, எல்லாச் சுவர்ப் படங்களுக்கும் அதையே இயல்பாகச் சேமித்துவிடுங்கள்.

இருட்டுத் தாவல் பற்றி. முழுத்திரை ஷேடரில் எந்த மதிப்பை 16 படியாக வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். நேரியல் ஒளிமதிப்பை வெட்டினால் முதல் படி 1/16, அதாவது 0.0625. திரை பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி நிற வளைவில் அது 255-க்கு 71 ஆகிவிடும். 0-க்கு அடுத்து 71! இடையில் ஒன்றுமே இல்லை. கண் அதிகம் உணர்வது இருட்டின் ஏற்ற இறக்கத்தைத்தான், அங்கேதான் உங்களுக்குப் படியே இல்லை. வெட்டுவதைக் கண்ணின் அளவுகோலில் செய்யுங்கள்: ஒளிநிலையை 0 முதல் 15 வரை முழு எண்ணாக்கி, 15-ஆல் வகுத்து, 2.2 அடுக்குக்கு உயர்த்தி, அதைப் படத்தின் நிறத்தோடு பெருக்குங்கள். அப்போது ஒவ்வொரு படியும் 255-க்கு 17 என்ற சீரான இடைவெளியில் வரும்.

ஆம்னி லைட்டைத் தூக்கிவிடலாம். இந்தத் தெளிவுநிலையில் அதன் நிழல் விளிம்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு பிக்சல் துள்ளும். மெட்டீரியலை அன்ஷேடட் (கோடோவின் ஒளி படாதது) ஆக்கி, ஷேடரிலேயே ஒளிநிலையைக் கணக்கிடுங்கள்: 15 − 3 × கட்டத்தூரம். சுவரில் மாட்டியிருக்கும் விளக்குகளுக்கு வரைபடம் ஏறும்போதே கட்டவாரியாக ஒளியைப் பரப்பி வைத்துவிடலாம்: விளக்குள்ள கட்டம் 12, பக்கத்துக்கு 9, அதற்கடுத்து 6, சுவர் வந்தால் நின்றுவிடும். முனைகளில் நான்கு கட்டத்தின் சராசரியை எடுக்கும்போது சுவர்க் கட்டத்தைச் சேர்க்காதீர்கள், மூலைகள் காரணமில்லாமல் கறுக்கும். கைப்பந்த ஒளி, சுவர்விளக்கு ஒளி இரண்டையும் கூட்டக் கூடாது. எது பெரிதோ அது. கூட்டினால் பந்தத்தோடு விளக்கை நெருங்கும்போது கல் வெளுத்து மாவுபோல் ஆகிவிடும்.

பந்தம் துடிக்க வேண்டுமென்றால் ஒளிநிலையில் அரைப் படிக்குள் ஆட்டுங்கள், வினாடிக்கு 8 முறை போதும். இரண்டு மூன்று படி ஆட்டினால் முழுச் சுவரும் பளீர் பளீரென்று வெட்டும். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் பெரிய பளிச்சிடல் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து; இதில் அழகை விடப் பாதுகாப்புதான் முக்கியம்.

மெய்யும்_புள்ளியும் எழுதியது:

தமிழ் எழுத்து பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றது காலாங்கரை சொன்னபடி.

320×180-இல் தமிழை எழுத முயல வேண்டாம். ஆங்கிலம் 8×8-க்குள் அடங்கும், தமிழ் அடங்காது. ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ஞ’வுக்கு வயிறும் வாலும் வேண்டும். உடல் 9 அல்லது 10 பிக்சல், மேலே புள்ளிக்கும் இகரக் கொம்புக்கும் 3, கீழே உகர ஊகார வாலுக்கு 3 என்று கணக்கிட்டால் ஒரு வரிக்கு 16 பிக்சல் வேண்டும். 180-இல் மொத்தமே பதினொரு வரி. ஒரு பெட்டியில் இரண்டு வரி உரையாடல் போட்டால் எதிரியின் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது.

ஆகவே இரண்டு தெளிவுநிலை வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் அடிப்படை அளவை 640×360 ஆக்குங்கள். முப்பரிமாணக் காட்சியை ஒரு சப்வியூபோர்ட்டுக்குள் (தனியே வரையப்படும் உட்திரை) போட்டு, அதன் கன்டெய்னரில் ஸ்ட்ரெச் இயக்கி, ஸ்ட்ரெச் ஷ்ரிங்க் 2 என்று வையுங்கள். நிலவறை 320×180-இல் வரையப்பட்டு இரட்டிப்பாகும், எழுத்து 640×360-இல் நிற்கும். கன்டெய்னரின் டெக்ஸ்சர் ஃபில்டர் நியரஸ்ட் என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் நிலவறை முழுக்கக் கலங்கலாகத் தெரியும். 640×360-ஐ 2 மடங்காக்கினால் 1280×720, 3 மடங்கு 1920×1080, 4 மடங்கு 2560×1440. ஸ்டீம் டெக் கையடக்கக் கருவியின் 1280×800-இல் மேலும் கீழும் 40 பிக்சல் கறுப்புப் பட்டை வரும். கோதிக் விளையாட்டுக்குக் கறுப்புப் பட்டை குறையே அல்ல.

இன்னும் பழைய தோற்றம் வேண்டுமென்றால் காட்சியை முழுத்திரைக்கு விரிக்காதீர்கள். டஞ்சன் மாஸ்டரின் காட்சிச் சாளரம் 320×200 திரைக்குள் வெறும் 224×136. அதே அளவை இரட்டித்தால் 448×272. பக்கத்தில் 192 பிக்சல் அகலப் பலகை மிஞ்சும், கீழே 88 பிக்சல் மிஞ்சும். தமிழ் வாசகத்துக்கு அதில் ஐந்து வரி தாராளம்.

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழை 16 பிக்சலில் மென்மையாக்கம் இல்லாமல் போட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ‘க்’ கறைபட்ட ‘க’போல் நிற்கும். வரைந்துதான் ஆக வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் ஒவ்வொரு பிக்சலையும் ஒரு சதுரமாக வரைந்து டிடிஎஃப் ஆக்குங்கள். தமிழ் எழுத்து 247 என்று பயப்பட வேண்டாம், அத்தனையும் வரையத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம், மெய்யுரு 18, கிரந்தம் ஐந்தாறு, துணையெழுத்துகள், புள்ளி. இவற்றோடு கட்டாயமாகத் தனியே வரைய வேண்டியவை உகரமும் ஊகாரமும்: கு, ஙு, சு, டு, ணு, து, ரு, ழு என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைவதால் 18 × 2 = 36. பிறகு டி, டீ இரண்டும். இகர ஈகாரத்தை ஒட்டுக் குறியாக வைக்கலாம், ஆனால் ‘ளி’, ‘னி’, ‘ணீ’ போன்றவற்றில் கொம்பு சரியான இடத்தில் இறங்காது. நேரம் இருந்தால் அந்த இகர ஈகார 36-ஐயும் வரையுங்கள். உகர இணைப்புகளை எழுத்துருவின் பதிலீட்டு அட்டவணையில் மெய்யுரு + துணைக்குறி = ஒரே வடிவம் என்று பதிய வேண்டும். ‘கொ’வில் கொம்பை முன்னே தள்ளும் வேலையைக் கோடோவின் அட்வான்ஸ்டு டெக்ஸ்ட் சர்வர் தானே செய்துகொள்ளும். யாராவது ஏற்றுமதிக் கோப்பைச் சிறிதாக்க ஃபால்பேக் டெக்ஸ்ட் சர்வரோடு கட்டினால் ‘கொ’ எல்லாம் ‘க’வுக்குப் பின்னால் கொம்பும் காலுமாகச் சிதறும். இறக்குமதியில் ஆன்டிஅலையசிங் அணைத்து, சப்பிக்சல் பொசிஷனிங் அணைத்து, அளவை வடிவமைத்த அளவிலேயே வையுங்கள்.

எழுத்து குதிப்பதன் காரணம்: யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு. திரையில் கொம்பு முன்னால். குறியெண் குறியெண்ணாகக் காட்டினால் ‘க’ முதலில் தோன்றி, அடுத்த நொடியில் கொம்பு இடப்பக்கம் புகுந்து ‘க’வை வலப்பக்கம் தள்ளும். சொல் வளர வளர அடுத்த வரிக்கும் தாவும். கோடோவின் வாசகப் பெட்டியான ரிச்டெக்ஸ்ட்லேபலில் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் என்ற அமைப்பை இயல்புநிலையிலிருந்து இடமிருந்து வலமாக வடிவங்களைக் காட்டும் நிலைக்கு மாற்றுங்கள். முழு வாக்கியமும் முதலிலேயே கோக்கப்பட்டு இடம் பிடித்துவிடும், பிறகு கொம்பு, க, கால் என்று கை எழுதும் வரிசையிலேயே வெளிப்படும். ஓலையில் எழுதுவதுபோல் இருக்கும், இந்த விளையாட்டுக்கு மிகப் பொருத்தம்.

பொத்தான் சொற்களுக்குத் தமிழ் பெரிய வரப்பிரசாதம். ஏவல் வினை தமிழில் வேர்ச்சொல்தான்: திற, எடு, வை, குடி, எறி, தாக்கு. ‘திறக்கவும்’, ‘எடுத்துக்கொள்ளவும்’ என்று அலுவலகத் தமிழில் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். ‘கண்டெடுக்கப்பட்டது’ என்பதற்குப் பதில் ‘கிடைத்தது’. 192 பிக்சல் பலகையில் ஒரு வரிக்கு 18 முதல் 20 எழுத்துதான் பிடிக்கும். நீளமான ஒற்றைச் சொல் வந்தால் உடைக்க இடமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஈசூன்_நிலவறை:

மிக்க நன்றி இருவருக்கும். கேமரா, 640×360 இரண்டும் உடனே பலன் தந்தன. 448×272 சாளரத்தையே வைத்துக்கொள்கிறோம்.

படங்கள் வரையும் தோழிக்கு ஒரு கேள்வி. அவர் 32 நிறத்துக்குள் மட்டும் வரைகிறார். வெளிச்சம் குறையும்போது கல் வெறுமனே கறுத்துப்போகாமல் நீலமாகவோ ஊதாவாகவோ மாற வேண்டும் என்கிறார். நிறப்பலகை முறை சரியா? கோதிக் வளைவுகளும் 64 பிக்சலுக்குள் கோணலாக வருகின்றன.

தேக்கா_பிக்சல் எழுதியது:

உங்கள் தோழி நினைப்பது சரியான வழி. பெருக்கி இருட்டாக்கினால் எல்லா நிறமும் ஒரே சாக்கடைப் பழுப்பில் போய் முடியும். நிறப்பலகை முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வோர் ஒளிநிலையிலும் எந்த நிறமாக மாற வேண்டும் என்று ஓர் அட்டவணை வைக்கிறோம். டூம் விளையாட்டு 256 நிறத்துக்கு 32 ஒளிநிலை வைத்து இதைத்தான் செய்தது. உங்களுக்கு 32 நிறம், 16 நிலை. 32×16 அளவுள்ள ஒரு சின்னப் படம் போதும்.

32-ஐ இப்படிப் பிரிக்கலாம்: கல்லுக்கு 8, எலும்புக்கு 5, தீக்கு 5, கண்ணாடி ஓவியத்துக்கு 6, பாசிக்கு 4, இரத்தத்துக்கு 4. கல்லின் எட்டில் மேல் மூன்று வெதுவெதுப்பான பழுப்பு, நடு மூன்று சாம்பல், அடி இரண்டு ஊதா கலந்த கருநீலம். ஒளிநிலை இறங்கும்போது எல்லா வரிசையும் கடைசியில் அந்தக் கருநீலத்தில் வந்து சேரட்டும். தீ வரிசையை மட்டும் எந்த நிலையிலும் இறக்காதீர்கள். தூரத்து மெழுகுவத்தியின் சுடர் இருட்டில் அப்படியே எரிந்துகொண்டு, சுற்றியுள்ள கல் மட்டும் மறைந்தால்தான் பயம் வரும். எலும்பைக் கல்லை விட ஒரு நிலை மெதுவாக இறக்குங்கள், எலும்புக்கூடு சுவரிலிருந்து பிரிந்து தெரியும்.

வளைவைக் கண்மதிப்பில் போடாதீர்கள். கூர்மாடம் என்பது இரண்டு வட்டத்தின் சந்திப்பு. திறப்பு 40 பிக்சல் அகலம், ஆரமும் 40 என்றால் உயரம் 34.6, அது எந்த வரியிலும் உட்காராது. ஆரத்தை 50 ஆக்குங்கள். மையம் நடுக்கோட்டிலிருந்து 30 தள்ளி விழும், உயரம் சரியாக 40. 30, 40, 50 என்ற செங்கோண முக்கோணம். உச்சி முழுப் பிக்சலில் வந்து நிற்கும். மேலே 4 பிக்சல் விட்டு, கீழே தூணுக்கு 20 பிக்சல் வைத்தால் 64 நிறைந்துவிடும். இது சற்று ஒடுங்கிய, ஈட்டி முனை போன்ற வளைவு. மடாலயத்துக்கு இதுவே நன்றாக இருக்கும். வளைவின் உட்பக்கம் இரண்டு பிக்சல் இருட்டும் வெளிப்பக்கம் ஒரு பிக்சல் வெளிச்சமும் கொடுத்தால் ஆழம் வந்துவிடும்.

பார்த்து வரைய வெகுதூரம் போக வேண்டாம். சிங்கப்பூரின் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். 1862-இல் புனிதப்படுத்தப்பட்டது, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. ஈட்டிமுனைச் சன்னல்களின் அளவு விகிதமும் உள்ளே வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்கும் விதமும் அங்கே தெளிவாகக் கிடைக்கும். கல்லின் சொரசொரப்பை மட்டும் அங்கே தேடாதீர்கள்: சுவர்ப் பூச்சு சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த மெட்ராஸ் சுண்ணம், வழவழவென்று வெள்ளையாக இருக்கும். வடிவத்துக்கு அது போதும். கண்ணாடி ஓவிய நிறங்களுக்குப் பக்கத்திலேயே சைம்ஸ் மண்டபம் (முன்னாள் கன்னிமாடத் தேவாலயம்) இருக்கிறது. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு வெளியிலிருந்து பாருங்கள், ஆறு நிறம் எவை என்று தானாகப் புரியும்.

பெயர் விஷயம் ஒன்று. பட்டியலில் ‘பாதாளம்’ என்று போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். பாதாளம் நமக்கு நாகலோகம் வரை இழுத்துக்கொண்டு போகும் சொல். இங்கே வேண்டியது நிலவறை, கல்லறை, எலும்பறை.

காலாங்கரை எழுதியது:

நிறப்பலகை முறைக்குப் போவதானால் நான் முன்பு சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும். மிப்மேப்பை அணைத்துவிடுங்கள்.

காரணம், இப்போது சுவர்ப் படத்தில் இருப்பது நிறமல்ல, நிறத்தின் எண். மிப்மேப் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை எடுக்கும். 4-ஆம் எண் கல், 20-ஆம் எண் இரத்தம், சராசரி 12. அது எலும்பின் நிறமாக இருக்கலாம். தூரச் சுவர் முழுக்கச் சம்பந்தமில்லாத புள்ளிகள் தெறிக்கும். அதே காரணத்துக்காகவே ஷேடரில் அந்தப் படத்துக்கு சோர்ஸ் கலர் என்ற குறிப்பையும் போடக் கூடாது. போட்டால் எஸ்ஆர்ஜிபி மாற்றம் எண்ணையே மாற்றிவிடும். அட்டவணைப் படத்துக்கு மட்டும் அந்தக் குறிப்பு வேண்டும், ஏனென்றால் அதில் இருப்பது உண்மையான நிறம். அட்டவணையைப் படிக்கும்போது எண்ணோடு அரைப் புள்ளி சேர்த்து 32-ஆல் வகுங்கள், இல்லாவிட்டால் எல்லையில் விழுந்து பக்கத்து நிறத்தை எடுக்கும்.

அப்படியானால் மினுக்கத்துக்கு என்ன வழி? தூரத்துக்கென்று 32×32 படத்தைக் கையால் வரையுங்கள். பெரிய படத்தைச் சுருக்கக் கூடாது. கல் இடுக்குகளைக் குறைத்து, இரண்டு கல்லை ஒன்றாக்கி, புதிதாக வரைய வேண்டும். 96×64 தாளில் இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சிறியது. குழுவின் கட்ட நடுவிலிருந்து 2.4 கட்டத்தைத் தாண்டியதும் ஷேடர் சிறியதற்கு மாறட்டும். ஏன் 2.5 இல்லை என்றால், மூன்றாவது சுவரின் முகம் சரியாக 2.5-இல் நிற்கிறது. தசமப் பிழையில் பாதிப் பிக்சல் பெரியதிலும் பாதி சிறியதிலும் விழுந்து சுவரின் நடுவில் ஒரு புள்ளிக்கூட்டம் துடிக்கும்.

உங்கள் 448×272 சாளரத்தில் காட்சி 224×136, குவியத் தொலைவு 118. எதிர்ச் சுவர் 131 பிக்சல், இரண்டாவது 62, மூன்றாவது 41. இரண்டாவது சுவரிலேயே 64-க்குக் கீழே போய்விட்டது. ஆனால் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம் என்பதால் கண்ணுக்கு உறுத்தாது. உறுத்தினால் மாறும் எல்லையை 1.4-க்குக் கொண்டுவாருங்கள்.

படிகளின் விளிம்பை மென்மையாக்க 4×4 பேயர் அணி (புள்ளிகளை மாற்றி மாற்றித் தூவ உதவும் எண் அட்டவணை) போதும்: 0 8 2 10, 12 4 14 6, 3 11 1 9, 15 7 13 5. ஒவ்வோர் எண்ணோடும் 0.5 கூட்டி 16-ஆல் வகுத்து, ஒளிநிலையோடு சேர்த்து, பிறகு கீழ்முழு எண் எடுங்கள். இதைச் சப்வியூபோர்ட்டுக்குள் இருக்கும் மெட்டீரியலிலேயே செய்ய வேண்டும். 640×360 திரையில் செய்தால் புள்ளிகள் கல்லின் பிக்சலை விடப் பாதிச் சிறிதாகி, காட்சிமேல் கொசுவலை போர்த்தியதுபோல் தனியே நிற்கும்.

சோதனைக்கு ஒரு வழி: கையடக்கக் கருவியில் போட்டு, பகல் வேளையில் பிடோக்கிலிருந்து நகரை நோக்கி எம்ஆர்டியில் போங்கள். காலாங் வரை வண்டி மேலே வெயிலில் ஓடும், லவெண்டருக்குள் நிலத்தடியில் இறங்கும். ஒரே பயணத்தில் இரண்டு வெளிச்சமும் கிடைக்கும். வெயிலில் ஒளிநிலை 1, 2 இரண்டும் கண்ணுக்கே படாது. அதற்காக எல்லாவற்றின்மீதும் வெளிச்சத்தைக் கூட்டிப் போட்டால் கறுப்பு சாம்பலாகி நிலவறை செத்துவிடும். அமைப்புகளில் ஒரு வெளிச்ச நகர்த்தி வைத்து, அட்டவணைக்குப் போகுமுன் ஒளிநிலையின் வளைவை மட்டும் மாற்றுங்கள்: நிலை ÷ 15-ஐ 1.0 முதல் 0.6 வரையுள்ள அடுக்குக்கு உயர்த்தினால் இடைநிலைகள் மட்டும் ஏறும். 0 என்பது 0-ஆகவே நிற்கும்.

நாற்கட்டம் எழுதியது:

விசை விழுங்கப்படுவது பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த வகை விளையாட்டில் கைக்குப் பழகும் உணர்வு எல்லாம் அதில்தான் இருக்கிறது.

குழு எங்கே நிற்கிறது என்பதை இரண்டு முழு எண்ணாகவும், எந்தத் திசை என்பதை 0 முதல் 3 வரை ஒரு முழு எண்ணாகவும் வையுங்கள். விசை அழுத்தியதும் எண்கள் அந்த நொடியே மாற வேண்டும். கேமரா பிறகு நகர்ந்து வந்து சேரட்டும்: அடிக்கு 0.25 வினாடி, திரும்ப 0.2 வினாடி. அசைவு முடியுமுன் இன்னொரு விசை வந்தால் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்து, அசைவு முடிந்ததும் செய்யுங்கள். அதற்குள் வேறு வந்தால் பழையதை அழித்துப் புதியதை வையுங்கள். மூன்று நான்கு வரிசையில் சேர்த்தால் ஆட்டக்காரர் விரலை எடுத்த பிறகும் குழு தானாக நடந்துபோய்க் குழியில் விழும், அந்தக் கோபம் நியாயமானது.

கோணத்தை +90, −90 என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள். சில நூறு திருப்பத்தில் தசமப் பிழை சேர்ந்து சுவர்கள் அரைப் பிக்சல் சாயும். ஒவ்வொரு முறையும் திசை எண்ணிலிருந்து −90 × திசை என்று புதிதாகக் கணக்கிடுங்கள். மூன்றிலிருந்து சுழியத்துக்குத் திரும்பும்போது 270 டிகிரி எதிர்ப்பக்கம் சுற்றினால், சாதாரண லெர்ப்புக்கு (இரு மதிப்புக்கிடையே படிப்படியாக நகர்த்தும் கட்டளை) பதில், குறுகிய பக்கமாகத் திருப்பும் லெர்ப் ஆங்கிள் பயன்படுத்துங்கள். நடையின் வேகம் சீராக, நேர்கோடாக இருக்கட்டும். ஒவ்வோர் அடிக்கும் மெல்லத் தொடங்கி மெல்ல முடியும் வளைவு கொடுத்தால், விசையை அழுத்திப் பிடித்து நடக்கும்போது நொண்டுவதுபோல் இருக்கும். தலை ஆட்டமும் வேண்டாம், 136 பிக்சலில் அது மினுக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். சுவரில் மோதினால் 0.15 கட்டம் முன்னே போய் 0.1 வினாடியில் திரும்பட்டும், ஒரு மந்தமான ஒலியோடு. விசை வேலை செய்தது, வழிதான் இல்லை என்று தெரிய வேண்டும்.

எதிரிகளும் அடி எடுக்கும் முதல் கணத்திலேயே போகும் கட்டத்தைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் எதிரியும் குழுவும் ஒருவருக்குள் ஒருவர் ஊடுருவி இடம் மாறிவிடுவார்கள்.

நிகழ்நேரச் சண்டை என்றால் சதுர நடனம் வரும்: 2×2 இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, எதிரி திரும்புவதற்குள் அடித்து, மறுபடி நகர்வது. குழுவின் அடி 0.25, எதிரியின் அடி 0.6, ஓங்க 0.4 என்றால் எந்த எதிரியையும் காயமின்றிக் கொல்லலாம். அடித்த பிறகு 0.4 வினாடி நகர முடியாமல் பூட்டினால் பாதி அடங்கும். முழுவதும் ஒழிக்க வேண்டாம் என்பது என் கருத்து, அது ஆட்டக்காரரின் திறமை. பெரிய எதிரிகளை ஒற்றைக் கட்ட அகலத் தாழ்வாரத்தில் விடுங்கள், 2×2 அறைகளின் நடுவில் இடிந்த தூண் வையுங்கள். தளத்தின் வரைபடமே சண்டையைத் தீர்மானிக்கட்டும்.

எதிரியின் காலடி ஓசையை நேர்த்தூரத்தில் கணக்கிடாதீர்கள், நடந்து வரும் வழித்தூரத்தில் கணக்கிடுங்கள். ஒரு கட்டத்துக்கு 4 டெசிபல் குறையட்டும். நேர்ப்பார்வை இல்லையென்றால் 800 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுங்கள். சுவருக்கு அந்தப்பக்கம் நிற்கும் எலும்புக்கூடு காதருகே கத்தினால் கல்லுக்குக் கனமே இல்லாமல் போகும்.

ஈசூன்_நிலவறை:

எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். நிறப்பலகையில் இருட்டு இப்போது உண்மையிலேயே இருட்டாக இருக்கிறது, எழுத்தும் தெளிவு. ஒன்று மட்டும் மிச்சம். நின்ற இடத்தில் திரும்பும்போது சுவரில் ஒளி வளையங்கள் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன. பந்தம் குழுவின் கையில்தானே இருக்கிறது, குழு நகரவில்லையே? ஷேடரில் கேமராவிலிருந்து ஆழத்தை எடுத்துத் தூரமாக வைத்திருக்கிறோம்.

காலாங்கரை எழுதியது:

இரண்டு பிழை ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

ஆழம் என்பது கேமரா பார்க்கும் திசையில் மட்டும் அளக்கும் நீளம். ஒரே சுவர்ப் புள்ளி திரையின் நடுவில் இருக்கும்போது ஆழம் கூடுதல், ஓரத்துக்குப் போகும்போது குறைவு. ஆகவே திரும்பத் திரும்ப ஓரத்துக் கல் வெளிச்சமாகும். இதை மாற்றிக் கேமராவிலிருந்து நேர்த்தூரம் எடுத்தாலும் முழுக்கத் தீராது, ஏனென்றால் கேமராவை 0.4 கட்டம் பின்னுக்கு இழுத்துவிட்டோம். நின்ற இடத்தில் திரும்பினாலும் கேமரா 0.4 ஆரத்தில் வட்டம் அடிக்கிறது. சுவரிலிருந்து அதன் தூரம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

கேமராவை மறந்துவிடுங்கள். சுழலும் தாய் நோட்டின் இடத்தை, அதாவது குழுவின் இடத்தை, ஒரு குளோபல் ஷேடர் மதிப்பாக ஒவ்வொரு ஃபிரேமும் அனுப்புங்கள். ஷேடரின் வெர்டெக்ஸ் (முனை) பகுதியில் உலக ஆயத்தைக் கணக்கிட்டு ஃபிராக்மென்ட் (பிக்சல்) பகுதிக்குக் கடத்தி, கிடைமட்டத் தூரத்தை மட்டும் எடுத்து (உயரத்தை விட்டுவிடுங்கள், இல்லையேல் சுவரின் உச்சி தனியே கறுக்கும்), 2-ஆல் வகுத்துக் கட்டத்தூரமாக்கி, அதை 15 − 3 × தூரம் என்பதில் போடுங்கள். 32×32 படத்துக்கு மாறும் 2.4 எல்லையும் இதே தூரத்தையே பயன்படுத்தட்டும்.

நடக்கும்போது அனுப்ப வேண்டியது முழு எண் கட்டமல்ல, அசைந்துகொண்டிருக்கும் நோட்டின் இடம். முழு எண்ணை அனுப்பினால் விசை அழுத்திய கணத்திலேயே வெளிச்சம் அடுத்த கட்டத்துக்குத் தாவி நிற்கும், கேமரா கால் வினாடி கழித்துத்தான் அங்கே வந்து சேரும்.